சென்னை மருத்துவக் கல்லூரியில் சேரப் போகிறீர்களா? முதலாண்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

அலாட்மென்ட் ஆர்டரில் 'மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்' என்று பார்த்ததும் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்து முடித்திருப்பீர்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பிக்கொண்டிருப்பார்கள். இந்தப் புத்தகத்தை வாங்கு, அதை வாங்காதே, ஹாஸ்டல் வேண்டாம், கோச்சிங் ஆப் உடனே எடு, இப்படி. கொஞ்சம் பொறுங்கள். எம்.எம்.சி.யில் முதல் வருடத்தை ஒழுங்காகக் கடக்க வேண்டிய வேலைகளை, அவை வரும் வரிசையிலேயே சொல்கிறேன். என் அபிப்பிராயமும் நடுவில் வரும். அதில் முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: புத்தகம் எந்த ஊர்க் கல்லூரியிலும் ஒன்றுதான், இங்கே கூடுதலாகக் கிடைப்பது ஆட்கள். 250 பேர் கொண்ட வகுப்பு, மேலே நாலைந்து பேட்ச் சீனியர்கள், எதிரே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து போகும் நோயாளிகள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீட்டுக்குப் படித்த மாதிரியே படித்தால் இந்த இடத்துக்கு வந்ததில் பாதிப் பலன் போய்விடும்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல பேர் சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, கல்லூரி எங்கே என்று தேடுவார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நம் வளாகம். அதிகாரப்பூர்வப் பெயர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 2011-இலிருந்து அப்படி. ஆட்டோக்காரரிடம் 'ஜி.எச்.' என்று சொன்னாலே போதும். மருத்துவமனை 1664-இல் கோட்டைக்குள் சின்னதாகத் தொடங்கி, 1772-இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. கல்லூரி 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அதற்குச் சரியாக ஐந்து நாள் மூத்தது, அந்த ஐந்து நாளை எங்கள் ஆட்கள் இன்னமும் மன்னிக்கவில்லை. 1850-இல் 'கல்லூரி' என்ற பெயர் வந்தது.

ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் பார்த்து நிற்கும் இரண்டு உயரமான டவர் பிளாக்குகள் மருத்துவமனை. பழைய சிவப்புக் கட்டடத்தை மாணவர்கள் 'ரெட் ஃபோர்ட்' என்பார்கள், போட்டோ எடுக்க எல்லோரும் நிற்பது அங்கேதான். உங்கள் வகுப்புகள் பெரும்பாலும் புதிய கல்லூரிக் கட்டடத்தில் இருக்கும். அது எழும்பியது பழைய மத்திய சிறை இருந்த நிலத்தில். 1837-இலிருந்து இயங்கிய சிறை அது, சுபாஷ் சந்திர போஸையும் ஒரு காலத்தில் அங்கே அடைத்திருந்தார்கள். கைதிகளை 2006-இல் புழலுக்கு மாற்றிய பிறகு, 2009-இல் இடித்தார்கள். 'ஜெயிலுக்குப் போறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் பழைய ஜோக்கை நீங்களும் ஒருமுறை சொல்வீர்கள்.

கல்லூரி திறப்பதற்கு முதல் நாளே ஒரு சுற்று நடந்துவிடுங்கள். லெக்சர் ஹால், டிசெக்‌ஷன் ஹால் (தானமாக வந்த உடலை அறுத்துப் படிக்கும் இடம்), லைப்ரரி, ஆபீஸ், தண்ணீர் கிடைக்கும் இடம், கழிப்பறை, இத்தனையும் தெரிந்தாலே முதல் வாரப் பதற்றத்தில் பாதி குறையும். வழி தெரியாவிட்டால் செக்யூரிட்டி அண்ணனைக் கேளுங்கள், மூன்றாம் வருடம் படிப்பவரைவிட அவருக்குச் சரியாகத் தெரியும்.

எழும்பூரையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை, 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. மனநல போஸ்டிங் (வார்டில் முறைவைத்துப் பழகும் பயிற்சி) கீழ்ப்பாக்கத்தில். முதல் வருடத்தில் இவை உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

சேர்க்கை நாள்: காகிதம், மறுபடியும் காகிதம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அலாட்மென்ட் ஆர்டர், நீட் ஹால் டிக்கெட், ஸ்கோர் கார்டு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு கட்டு. அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழும். சி.பி.எஸ்.இ. அல்லது வேறு மாநில போர்டில் படித்தவர்களிடம் மைக்ரேஷன், எலிஜிபிலிட்டி சான்றிதழ்களையும் கேட்பார்கள். கடைசியாகக் கல்லூரியும் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழுவும் வெளியிடும் பட்டியலைத்தான் நம்ப வேண்டும், அது வருடா வருடம் ஒன்றிரண்டு மாறும்.

ஒரிஜினல்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள், ஜெராக்ஸ் நாலைந்து செட் எடுத்து வையுங்கள். ஸ்காலர்ஷிப், வங்கிக் கணக்கு, ரயில் சீசன் டிக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் போகும். ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் எழுதித் தரும் உறுதிமொழியும் உண்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பெற்றோர் பயப்பட வேண்டாம். அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தனியாரோடு ஒப்பிடவே முடியாது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் திட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பத் தேதியைத் தவறவிடாமல் ஆபீஸ் நோட்டீஸ் போர்டை அடிக்கடி பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்பி இருந்தால் கடைசி நாள் சாயங்காலம்தான் யாராவது சொல்வார்கள்.

உங்கள் வகுப்பில் யார் யார் இருப்பார்கள்

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம் என்று படுகிறது.

250 இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதாவது 37, 38 பேர். கேரளா, ராஜஸ்தான், டெல்லி, பீகார் என்று எங்கிருந்தும் வரலாம். மீதி 212 சொச்சம் தமிழ்நாட்டு இடங்கள், 69 சதவீத இடஒதுக்கீட்டு முறைப்படி நிரப்பப்படுபவை. அதற்குள்ளேயே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம், கணக்குப் போட்டால் 16 பேர் அளவுக்கு வரும். 2020-இல் அந்தச் சட்டம் வந்த பிறகு வகுப்பின் முகமே கொஞ்சம் மாறியது. அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை என்ற வீட்டுப் பிள்ளையும், மூன்று தலைமுறையாக டாக்டர்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே டிசெக்‌ஷன் டேபிளில் நிற்பார்கள்.

வயதும் ஒன்றாக இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருப்பான், பக்கத்திலேயே இரண்டு மூன்று முறை நீட் எழுதிவிட்டு, நடுவில் வேறு படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு வந்த இருபத்தொரு வயதுக்காரர் இருப்பார். அவரை 'அண்ணா' என்பதா 'டா' போடுவதா என்று முதல் வாரம் தயக்கம் இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதத்தில் எல்லோரும் 'மச்சான்' ஆகிவிடுவார்கள். ஆனால் எத்தனை அட்டெம்ப்ட், எவ்வளவு மார்க், எந்த கோட்டா என்ற மூன்று கேள்விகளையும் யாரிடமும் கேட்காதீர்கள். தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, கேட்கப்பட்டவர் மட்டும் அதை ஐந்து வருடம் மறக்க மாட்டார். நீட் மார்க்குக்கும் கல்லூரி தானே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வு மார்க்குக்கும் பெரிய சம்பந்தம் இருக்காது, முதல் தேர்வு ரிசல்ட் வந்ததும் நீங்களே பார்ப்பீர்கள்.

ரோல் நம்பர் வரிசையில் வகுப்பைச் சின்னச் சின்ன பேட்ச்களாகப் பிரிப்பார்கள். டிசெக்‌ஷன், லேப், பிறகு வார்டு போஸ்டிங் எல்லாம் அந்த பேட்ச்சோடுதான். நண்பர்களைத் தேர்ந்தெடுக்கலாம், பேட்ச் தானாக அமைவது. அதனால் முதல் மாதத்திலேயே பேட்ச்சில் இருக்கும் எல்லோரிடமும் பேசிப் பழகுங்கள், முக்கியமாக மூலையில் பேசாமல் நிற்பவரிடம். ராஜஸ்தானிலிருந்து வந்தவருக்கு நீங்கள் தமிழ் சொல்லிக் கொடுங்கள், அவர் உங்களுக்கு இங்கிலீஷில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, பழக்கட்டும். இருவருக்கும் லாபம்.

வளாகத்தில் எம்.பி.பி.எஸ். மட்டும் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். நர்ஸிங், பார்மசி, பாராமெடிக்கல் மாணவர்களும், முதுநிலை படிக்கும் பி.ஜி.க்களும் இருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் நர்ஸிங் மாணவியை ஒருமாதிரி பார்க்கும் வியாதி சிலருக்கு வரும். இன்டர்ன்ஷிப்பில் ஊசி போடக் கற்றுக்கொடுக்கப் போவது பெரும்பாலும் சிஸ்டர்கள்தான், ஞாபகம் இருக்கட்டும்.

இந்தக் கலவை இங்கே புதிதும் இல்லை. 1875-இலேயே நான்கு பெண்களை இங்கே சேர்த்தார்கள், மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் இங்கே பட்டம் பெற்றார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பின்னாளில் அவர் முயற்சியில் வந்தது. எல்லப்பிரகட சுப்பாராவ் இங்கே படிக்கும்போது கதர் உடுத்தி வந்தது அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா போய் அவர் செய்த ஆராய்ச்சிகளைத்தான் நீங்கள் பயோகெமிஸ்ட்ரியிலும் பார்மகாலஜியிலும் படிக்கப் போகிறீர்கள். கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர் வந்ததே 1939-இல்தான், ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்.

என்ன வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்

கல்லூரி திறப்பதற்கு முன்பே பதினைந்தாயிரத்துக்குப் புத்தகம் வாங்கி அடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். முதல் இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். முதல் வருடப் பாடங்களான அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றுக்கும் எந்தப் புத்தகம் என்று டிபார்ட்மென்ட்டே சொல்லும். அப்புறம் சீனியர்களிடம் பழைய பிரதி கிடைக்கும், அதில் எது முக்கியம் என்று அடிக்கோடும் போட்டிருக்கும். பெரிய வெளிநாட்டுப் புத்தகங்கள் லைப்ரரியில் இருக்கின்றன, புரியாத இடத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். உடல் பாகங்களைப் படங்களாகக் காட்டும் அட்லஸ் ஒன்று மட்டும் சொந்தமாக இருந்தால் நல்லது.

உடனே தேவைப்படுபவை: முழுக்கை வெள்ளைக் கோட் இரண்டு (ஒன்று எப்போதும், உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாசத்தோடு துவைக்கக் கிடக்கும்), முன்பக்கம் மூடிய ஷூ, டிசெக்‌ஷன் பாக்ஸ், கையுறை, ரெக்கார்டு நோட்டுகள், கலர் பென்சில். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கும், பேட்ச்சாகச் சேர்ந்து போனால் விலை பேசலாம். ஸ்டெதஸ்கோப்புக்கு இப்போது அவசரமே இல்லை. மாமா ஒருவர் பரிசாக வாங்கிக் கொடுத்தே தீருவார், அது வரட்டும்.

எலும்பு செட் தனிக் கதை. புதிதாக வாங்காமல் சீனியரிடம் கேளுங்கள். பல பேட்ச் கைமாறி வந்த செட்டில் ஒவ்வொரு எலும்பிலும் தசை தொடங்கும் இடம் சிவப்பிலும், போய் ஒட்டும் இடம் நீலத்திலும் வரைந்திருக்கும், யாரோ ஒருவர் ஃபீமரின், அதாவது தொடை எலும்பின், பின்பக்க வரம்பில் பொடி எழுத்தில் பெயர்களைக்கூட எழுதி வைத்திருப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வலதா இடதா, எந்தப் பக்கம் மேலே, எப்படிப் பிடிப்பது என்று தினமும் பத்து நிமிடம் பழகினாலே எலும்புகளைப் பற்றிய ஆஸ்டியாலஜி வைவாவில் தப்பித்துவிடலாம். அவை ஒரு மனிதருடைய எலும்புகள் என்பதை மறக்க வேண்டாம். ஹாஸ்டல் ரூமில் மண்டையோட்டுக்குத் தொப்பி மாட்டி ஸ்டேட்டஸ் போடும் வேலையெல்லாம் செய்யாதீர்கள்.

டிசெக்‌ஷன் ஹாலும் பிசியாலஜி லேபும்

முதல் நாள் உறுதிமொழி எடுப்பீர்கள். உடலைத் தானம் செய்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மரியாதை செய்வோம் என்பதுதான் அதன் சாரம். உள்ளே போனதும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், மூக்கில் நீர் வழியும். சிலருக்குத் தலை சுற்றும். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள்தான் பெரும்பாலும் விழுவார்கள், அதனால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தலை சுற்றினால் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வெளியே உட்காருங்கள், யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள், அப்படியே செய்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடும். போன் வெளியே எடுக்கவே கூடாது. போட்டோ எடுத்தால் நடவடிக்கை நிச்சயம்.

டேபிளைச் சுற்றி நிற்கும்போது பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும் ஆசை வரும். முன்னால் போய் ஸ்கால்பெல் கத்தியைக் கேட்டு வாங்குங்கள். தோலை உரிக்கும்போது நரம்பை அறுத்துவிட்டால் டெமான்ஸ்ட்ரேட்டர் திட்டுவார், திட்டு வாங்கிய நரம்பு பரீட்சை வரை மறக்காது. அன்றைக்கு வெட்டப் போகும் பகுதியை முந்தின இரவு அட்லஸில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால் போதும். பார்க்காமல் வந்தால் எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகத்தான் தெரியும், எது நரம்பு எது ரத்தக்குழாய் என்று கை வைத்து உருட்டிப் பார்த்தாலும் பிடிபடாது.

பிசியாலஜி லேபில் உங்கள் விரலை நீங்களே குத்திக்கொள்ள வேண்டும். முதல் குத்து எப்போதும் பயந்து மெல்லக் குத்துவது, ரத்தம் வராது, மறுபடி குத்த வேண்டியிருக்கும். அதனால் மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் ஒரே தடவையில் அழுத்திக் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியில் பிப்பெட்டை வைத்து, ரப்பர் குழாயை வாயில் வைத்து மெதுவாக 0.5 கோடு வரை உறிஞ்சி, நுனியைத் துடைத்து, பிறகு ரத்தத்தை நீர்க்கவைக்கும் திரவத்தை 101 கோடு வரை ஏற்றுவது. நடுவில் குமிழி வந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தத் திரவத்தில் பாதரச உப்பு இருக்கும், வாய் வரை இழுத்துவிடாதீர்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் குட்டிக் கட்டங்களுக்குள் சிவப்பணுக்களை எண்ண வேண்டும். பக்கத்து டேபிள்காரரின் எண்ணிக்கையைப் பார்த்து எழுதுவது காலம்காலமாக நடப்பது, கண்டுபிடிப்பதும் காலம்காலமாக நடப்பது.

ஸ்பாட்டர்ஸ் தேர்வில் வரிசையாக ஸ்பெசிமனும் ஸ்லைடும் வைத்திருப்பார்கள், மணி அடித்ததும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். தெரியாத ஒன்றை நினைத்துக்கொண்டே நகர்ந்தால் அடுத்த மூன்றும் போய்விடும்.

அட்டெண்டன்ஸ், இன்டர்னல், பல்கலைத் தேர்வு

தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் கட்டாயம். குறைந்தால் தேர்வெழுத விட மாட்டார்கள், யாருடைய சிபாரிசும் எடுபடாது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முன்னால் ஒருநாள் பின்னால் இரண்டு நாள் என்று சேர்த்து எடுப்பவர்கள் கடைசியில் மாட்டுவார்கள். தேர்வை நடத்துவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அதற்கு முன் வரும் இன்டர்னல்களில் தேவையான மார்க் இருந்தால்தான் அங்கே எழுத முடியும். எனவே முதல் இன்டர்னலை 'சும்மா ட்ரையல்' என்று விடாதீர்கள்.

பதில் எழுதும் முறையே இங்கே புதிது. நீட்டில் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகிய கைக்கு, பக்கம் பக்கமாக எழுதுவது முதலில் வராது. தினமும் ஒரு கேள்வியைத் தலைப்பு, படம், ஃப்ளோசார்ட்டோடு எழுதிப் பாருங்கள். படம் போட்டால் மார்க் கிடைக்கும், திருத்துபவருக்கும் சந்தோஷம்.

ஒரு பேப்பர் போய்விட்டால் சப்ளிமென்டரி உண்டு. அதிலும் போனால் ஜூனியர் பேட்ச்சோடு சேர வேண்டியிருக்கும். அப்படிச் சேர்ந்து பிறகு நல்ல டாக்டரானவர்கள் எக்கச்சக்கம். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் நாட்கள் போனால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அமுக்காதீர்கள். மென்டராக ஒதுக்கப்பட்ட ஆசிரியரிடம் சொல்லுங்கள், 14416 என்ற இலவச எண்ணில் டெலிமானஸ் மனநல உதவி எந்நேரமும் இருக்கிறது. நாளைக்கு நோயாளிகளிடம் நாமே இதைத்தான் சொல்லப் போகிறோம்.

முதல் வருடத்திலேயே பி.ஜி. கோச்சிங் ஆப்புக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டியவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அனாடமி பெயர்கள் லத்தீன், கிரேக்கம், சென்னை கான்வென்டில் படித்தவருக்கும் அது புதுசுதான். உங்களுக்கு இடறுவது நடுவில் வரும் சாதாரண இங்கிலீஷ் வாக்கியம். அதற்கு வழி, படித்ததைச் சத்தமாகப் பேட்ச் நண்பரிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பது. இலக்கணம் தப்பினால் தப்பட்டும். வைவாவில் பேசாமல் நின்றால்தான் மார்க் போகும், உடைந்த இங்கிலீஷுக்குப் போகாது. புரிந்துகொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள், எழுதுவதை மட்டும் இங்கிலீஷில் பழகுங்கள்.

சீனியர்கள்

அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதுதான் வழக்கம். புத்தகம், நோட்ஸ், எந்த மெஸ் பரவாயில்லை என்பதுவரை எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வரும், அதனால் சொந்த ஊர் சீனியர் ஒருவரையாவது பிடித்து வையுங்கள். மரியாதை கொடுப்பது வேறு, மிரட்டலுக்குப் பணிவது வேறு. சிதம்பரத்தில் 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதற்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. ரெக்கார்டு எழுதித் தரச் சொல்வது, பணம் கேட்பது, ராத்திரி ரூமுக்கு வரச் சொல்வது எல்லாமே ராகிங்தான், 'சும்மா இன்ட்ரோ' இல்லை. ஆன்டி-ராகிங் கமிட்டி எண்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கும், தேசிய எண் 1800-180-5522.

வார்டுக்குள் நுழையும்போது

முழு அளவில் வார்டு போஸ்டிங் இரண்டாம் வருடம்தான், ஆனால் முதல் வருடத்திலேயே அறிமுகத்துக்கு அழைத்துப் போவார்கள், கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்கும் பயிற்சியும் தொடங்கும். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நோயாளிகள் உங்களை டாக்டர் என்றே நினைப்பார்கள். 'நான் ஸ்டூடன்ட்மா, கொஞ்சம் பேசலாமா?' என்று கேளுங்கள். வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம், ஆந்திர எல்லை என்று எங்கிருந்தோ விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள் அவர்கள். ஐயா, அம்மா, பாட்டி என்று கூப்பிட்டால் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசுவார்கள், 'பதினாலாம் பெட்' என்றால் பேச மாட்டார்கள். ரிப்போர்ட்டைக் காட்டி 'சரியாயிடுமா தம்பி?' என்று கேட்டால், தெரிந்த மாதிரி பதில் சொல்லாதீர்கள், டியூட்டி டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

சந்தேகங்களைப் பி.ஜி.க்களிடம் கேட்கலாம், நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் நைட் டியூட்டி முடித்து, மதியம் வரை ரவுண்ட்ஸும் முடித்து, டீ கிளாஸோடு சுவரில் சாய்ந்து நிற்பவரிடம் போய் நெஃப்ரானை விளக்கச் சொல்லாதீர்கள்.

தங்குவது, சாப்பிடுவது, வந்து போவது

வெளியூர்க்காரர்கள் ஹாஸ்டலையே எடுங்கள். ரூம் வசதி சுமாராக இருந்தாலும் தேர்வுக்கு முந்தின இரவு மாடியில் பத்துப் பேர் சேர்ந்து படிப்பது வெளியில் பேயிங் கெஸ்ட்டாகத் தங்கினால் கிடைக்காது. மெஸ் பில்லைப் பகிர்ந்து பிரிப்பார்கள், மாதா மாதம் கணக்கைப் பாருங்கள். ஜி.எச். வளாகத்தில் அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம். மாசக் கடைசியில் அங்கே உங்கள் வகுப்பில் பாதிப்பேரைப் பார்க்கலாம்.

டே ஸ்காலர்களுக்கு இதைவிட வசதியான இடம் சென்னையில் இல்லை. தாம்பரம் பக்கமிருந்து வந்தால் பார்க் ஸ்டேஷன், வேளச்சேரி பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லைனுக்கு சென்ட்ரல், மெட்ரோவுக்கும் சென்ட்ரல். சாலையைக் குறுக்கே தாண்டாதீர்கள், சுரங்கப்பாதையில் வாருங்கள். பின்னாளில் எழும்பூர் போஸ்டிங் வரும்போது பார்க்கிலிருந்து ஒரே ஸ்டேஷன்தான். மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டுக்குக் கல்லூரி ஒப்பமிட்ட படிவம் வேண்டும், முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து ஆள் வரும்போது

இது எம்.எம்.சி. மாணவர்களுக்கே உரிய பாடத்திட்டம். சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, அம்மாவோடு வேலை செய்பவரின் தம்பி, உங்கள் பழைய பள்ளி வாட்ச்மேன் என்று யாராவது 'ஜி.எச்.சில் நம்ம புள்ள இருக்கு' என்று கிளம்பி வருவார்கள். உங்களுக்கு அப்போது கை எலும்பு மட்டும்தான் தெரியும். போனில் மருந்து சொல்லாதீர்கள், ரிப்போர்ட்டைப் பார்த்துக் கருத்தும் சொல்லாதீர்கள். ஆனால் வழி காட்டலாம், அவர்களுக்கு உண்மையில் தேவையும் அதுதான். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளையும் சேர்த்து. காலையில் சீக்கிரமே வந்து ஓ.பி. சீட்டுப் போட வேண்டும், ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் விழுந்துபோவது என்றால் ஓ.பி.யும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், அங்கிருந்தே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மற்றபடி வகுப்பு இடைவேளையில் ஓ.பி. வாசல் வரை கூட்டிப்போய் எந்தக் கவுன்ட்டர் என்று காட்டிவிட்டு, லெக்சர் தொடங்குவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள், அட்டெண்டன்ஸ் எடுத்துவிடுவார்கள்.